போன் எண்ணும் ஒரு பணப்பைதான்: மோசடி மெசேஜும் மறைமுகக் கட்டணமும்

"நான் யாருக்கும் போன் பண்ணவே இல்லையேப்பா, எப்படிக் காசு குறையுது?" என்று அம்மா கேட்டபோது முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரீசார்ஜ் செய்த தேதியை மறந்திருப்பார் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதையே சொன்னார். போனை வாங்கிப் பார்த்தேன். படிக்காத செய்திகளுக்கு நடுவே, ஐந்து இலக்க எண் ஒன்றிலிருந்து நாள் தவறாமல் ஒரு மெசேஜ் வந்திருந்தது. தினம் ஒரு பொது அறிவுக் கேள்வி. அம்மா அவற்றில் ஒன்றைக்கூடத் திறந்திருக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் அவருடைய பேலன்ஸிலிருந்து பணம் போயிருந்தது.

"மெசேஜ் அனுப்பினாத்தானே காசு? வந்ததுக்கு எதுக்குக் காசு?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதிலைத் தேடப் போய்த்தான் நான் இந்த விஷயத்தை முழுசாகக் கற்றுக்கொண்டேன். அவருக்கு விளக்கியதைப் போலவே உங்களுக்கும் விளக்கப் பார்க்கிறேன். முன்கூட்டியே எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். மெசேஜ் வழியாகப் பணம் போவதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், மெசேஜ் வெறும் தூண்டில். பணம் போவது உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து. இன்னொன்றில், பணம் போவது உங்கள் போன் கணக்கிலிருந்தே: ப்ரீபெய்டு என்றால் பேலன்ஸில், போஸ்ட்பெய்டு என்றால் மாத பில்லில். முதல் வகையைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் போவது சின்னத் தொகை. அதனாலேயே அது மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் ஓடுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வந்த மெசேஜுக்கு ஏன் காசு?

உங்கள் போன் நிறுவனத்துக்கு உங்களிடம் பணம் வாங்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. பேலன்ஸைக் குறைக்கலாம், பில்லில் ஒரு வரி சேர்க்கலாம். அந்த வழியை நிறுவனம் வெளியாட்களுக்கும் திறந்துவிடுகிறது. ரிங்டோன் விற்பவர், விளையாட்டு முடிவுகளை அனுப்புபவர், தொலைக்காட்சிப் போட்டிக்கு ஓட்டு வாங்குபவர், நன்கொடை திரட்டும் தொண்டு நிறுவனம் என யாராக இருந்தாலும், உங்கள் கார்டு எண்ணைக் கேட்காமலே உங்களிடம் பணம் வாங்கலாம். போன் நிறுவனம் உங்களிடம் வசூலித்துத் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அவர்களிடம் கொடுக்கும். அதாவது உங்கள் போன் எண்ணே ஒரு பணப்பை. அது பணப்பை என்று நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தச் சேவைகளுக்கென்றே குறுகிய எண்கள் ஒதுக்கப்படுகின்றன. நாலு, ஐந்து, ஆறு இலக்கங்களில் இருக்கும். ஷார்ட் கோடு என்பார்கள். எல்லாக் குறுகிய எண்ணும் காசு பிடுங்குவதல்ல. ஓடிபி அனுப்பும் எண்களும் இப்படித்தான் இருக்கும். ப்ரீமியம் வகை எண்ணாக இருந்தால் அதற்குச் சாதாரண எஸ்எம்எஸ் கட்டணம் கிடையாது, தனிக் கட்டணம். அந்தக் கட்டணம் இரண்டு விதமாக விழலாம். நீங்கள் அந்த எண்ணுக்கு அனுப்பும் மெசேஜுக்கு விழலாம். அல்லது, அவர்கள் உங்களுக்கு அனுப்பும் மெசேஜுக்கு விழலாம். அம்மாவுக்கு நடந்தது இரண்டாவது. மெசேஜ் உங்கள் போனில் வந்து சேர்ந்த கணமே கட்டணம் பதிவாகிவிடும். திறந்தீர்களா, படித்தீர்களா என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை. அழித்துவிட்டாலும் போன காசு போனதுதான். நாளைக்கு அடுத்தது வரும்.

இப்படித் தொடர்ந்து வந்து காசு பிடிக்கும் சேவையைச் சந்தா என்பார்கள். அது தொடங்க உங்கள் சம்மதம் வேண்டும் என்பதுதான் விதி. பல நாடுகளில் இரண்டு முறை உறுதி செய்ய வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது. ஆனால் சம்மதம் வாங்கும் முறையில்தான் எல்லாத் தந்திரமும் ஒளிந்திருக்கிறது. "பரிசு வென்றீர்களா என்று பார்க்க எண்ணைப் பதியுங்கள்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். வாரந்தோறும் எவ்வளவு பிடிக்கப்படும் என்பது பொத்தானுக்குக் கீழே, சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்தில், திரையை இழுத்தால் மட்டுமே தெரியும் இடத்தில் இருக்கும். பிறகு போனுக்கு ஒரு நாலு இலக்க ரகசிய எண் வரும், பின் (PIN) என்பார்கள். அதைத் திரும்ப அந்தப் பக்கத்தில் போட்டால் சந்தா தொடங்கிவிட்டது. பரிசு பார்ப்பதற்கான பின் என்று நீங்கள் நினைத்தது உண்மையில் உங்கள் கையெழுத்து.

எண்ணையே கொடுக்காமலும் சிக்கலாம். இது பலருக்குத் தெரியாத இடம், கொஞ்சம் நின்று பாருங்கள். வைஃபையில் இருக்கும்போது ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தால், உங்கள் போன் எண் என்ன என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. மொபைல் டேட்டாவில் திறந்தால் நிலைமை வேறு. அந்த இணைப்பைத் தருவதே போன் நிறுவனம்தான். எந்தச் சிம் என்று அதற்குத் தெரியும். அதனால் அதனுடன் பில்லிங் ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒரு பக்கத்தில், எண்ணைத் தட்டாமலே ஒரே ஒரு "தொடர்க" பொத்தானை அழுத்தினால் சந்தா தொடங்கிவிட முடியும். படத்தை மூடுவதற்கான சின்னப் பெருக்கல் குறி போலவோ, வீடியோவை ஓடவிடும் முக்கோணம் போலவோ அந்தப் பொத்தானை வரைந்துவிட்டால் போதும்.

திருட்டு ஆப்கள் இந்த வழியை நன்றாகவே படித்து வைத்திருக்கின்றன. 2010 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு போன்களைத் தாக்கிய முதல் எஸ்எம்எஸ் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. வீடியோ பிளேயர் என்ற வேடத்தில் வந்து, சொந்தக்காரருக்குத் தெரியாமல் ப்ரீமியம் எண்களுக்கு மெசேஜ் அனுப்பியது. 2012-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.2 பதிப்பு இதற்கு ஒரு தடுப்பு வைத்தது: ஏதாவது ஆப் ப்ரீமியம் குறுகிய எண்ணுக்கு மெசேஜ் அனுப்ப முயன்றால் போன் உங்களை நிறுத்திக் கேட்கும். திருடர்கள் வேறு பாதைக்குப் போனார்கள். ஜோக்கர் என்று அழைக்கப்படும் ஆப் குடும்பம் அப்படி வளர்ந்ததுதான். முதலில் எஸ்எம்எஸ் வழியாகத் திருடியது. கூகுள் எஸ்எம்எஸ் அனுமதியை இறுக்கியதும், மேலே சொன்ன இணையப் பக்கச் சந்தாவுக்கு மாறியது. கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தைத் திறக்கும், தானே பொத்தானை அழுத்தும், போனுக்கு வரும் அந்த ரகசிய எண்ணையும் தானே படித்துப் போடும். 2017-லிருந்து இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சுமார் 1,700 ஆப்களைக் கண்டுபிடித்து நீக்கியதாக 2020 ஜனவரியில் கூகுள் சொன்னது. இந்த வகையில் சில திருட்டு ஆப்கள் வைஃபையையே அணைத்துவிடும். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

அதனால் ஒரு டார்ச் ஆப், ஒரு வால்பேப்பர் ஆப், ஒரு கேலண்டர் ஆப் "எஸ்எம்எஸ் படிக்க அனுமதி" அல்லது "நோட்டிஃபிகேஷன் படிக்க அனுமதி" கேட்டால், அந்த நொடியே அதை நீக்கிவிடுங்கள். விளக்கு எரிவதற்கு உங்கள் மெசேஜ் எதற்கு?

பில்லில் அந்த ஒரு வரி

ஏமாற்றுக்காரர்களால் மட்டுமே இது நடப்பதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இதற்கு ஒரு பெயரே உண்டு, கிராமிங். திணித்தல் என்று பொருள் கொள்ளலாம். காதல் குறிப்பு, ஜாதகம், பிரபலங்களைப் பற்றிய கிசுகிசு என்று யாரும் கேட்காத மெசேஜ் சேவைகளுக்கு மாதம் 9 டாலர் 99 சென்ட் என்ற அளவில் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களின் பில்லில் சேர்க்கப்பட்டது. அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2014-ல் போன் நிறுவனங்களான ஏடி அண்ட் டி 105 மில்லியன் டாலருக்கும், டி-மொபைல் குறைந்தது 90 மில்லியன் டாலருக்கும் சமரசம் செய்துகொண்டன. 2015-ல் வேறு அரசு அமைப்புகள் எடுத்த நடவடிக்கையில் வெரிசான், ஸ்பிரிண்ட் இரண்டும் சேர்ந்து 158 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டன. டி-மொபைல் வழக்கில் ஆணையம் சுட்டிக்காட்டிய ஒரு விவரம் என் மனதில் தங்கிவிட்டது: வசூலான தொகையில் 35 முதல் 40 சதவீதம் வரை போன் நிறுவனத்துக்கே போனது. பணப்பையின் காவலாளிக்கே பங்கு இருக்கும்போது, கணக்கை நாமே பார்ப்பதைத் தவிர வழியில்லை.

பார்க்கும்போது எதைத் தேட வேண்டும்? பில்லின் முதல் பக்கத்தில் மொத்தத் தொகை இருக்கும். அதில் ஒன்றும் தெரியாது. உள்ளே, அழைப்புக்கும் டேட்டாவுக்கும் அப்பால், "மதிப்புக்கூட்டுச் சேவை", "மூன்றாம் தரப்புக் கட்டணம்", "உள்ளடக்கம்", "ப்ரீமியம்", "இதர" என்பது போன்ற தலைப்பு ஒன்று இருக்கும். அதற்குக் கீழே வரும் பெயர் எந்தப் பொருளும் தராது: ஒரு நிறுவனத்தின் பாதிப் பெயர், சில எழுத்துகள், ஒரு எண். பெயர் புரியவில்லை, தொகை சின்னது, போன மாதமும் அதே தொகை, அதற்கு முந்தைய மாதமும் அதே. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அது சந்தா. ப்ரீபெய்டு வைத்திருப்பவர்களுக்குப் பில் வராது. அவர்கள் போன் நிறுவனத்தின் ஆப்பிலோ இணையதளத்திலோ கணக்கு விவரத்தைத் திறந்து, பேலன்ஸ் குறைந்த தேதியையும் நேரத்தையும் பார்க்க வேண்டும். நீங்கள் தூங்கும் நேரத்தில், அழைப்பே இல்லாமல் ஒரு தொகை போயிருந்தால் விடை கிடைத்துவிட்டது.

மறைமுகம் என்று சொல்ல முடியாவிட்டாலும் தமிழில் மெசேஜ் அனுப்புபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் இங்கே உண்டு. ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கில எழுத்து என்றால் 160 இடம். தமிழ் எழுத்து ஒன்று வந்தாலும் மொத்தச் செய்தியும் வேறு குறியீட்டுக்கு மாறி 70 இடமாகச் சுருங்கிவிடும். அதிலும் மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கால், கொம்பு போன்றவையும் தனித்தனி இடம் பிடிக்கும். "வணக்கம்" நமக்கு ஐந்து எழுத்து. போனுக்கு ஏழு இடம். அதனால் நாலு வரித் தமிழ் மெசேஜ் ஒன்று மூன்று எஸ்எம்எஸ்ஸாகக் கணக்கிடப்படலாம். இது ஏமாற்று அல்ல, கணக்குமுறை. ஆனால் பேலன்ஸ் ஏன் குறைகிறது என்று தேடும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே இருக்கும் பெயர் வெறும் எழுத்து

இப்போது முதல் வகைக்கு வருகிறேன்: உங்கள் வங்கியை நோக்கி வீசப்படும் தூண்டில்.

உலகின் முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் அனுப்பப்பட்டது. கிறிஸ்துமஸ் வாழ்த்து. அதை அனுப்பிய பொறியாளர் போனிலிருந்து அனுப்பவில்லை, கணினியிலிருந்து அனுப்பினார். இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மெசேஜ் என்றால் இன்னொரு போனிலிருந்து, இன்னொரு மனிதரிடமிருந்து வருவது என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. முதல் நாளிலிருந்தே அது உண்மையல்ல. கணினியிலிருந்து அனுப்பலாம், லட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம். அனுப்புநர் என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாக 11 எழுத்து வரை ஒரு பெயரையும் போடலாம். பல இடங்களில் அந்தப் பெயர் உண்மையா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. கடித உறையின் பின்பக்கத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதே மாதிரிதான்.

உங்கள் போன் இதை இன்னும் மோசமாக்குகிறது. ஒரே பெயரில் வந்த செய்திகளையெல்லாம் அது ஒரே வரிசையில் அடுக்கும். திருடன் உங்கள் வங்கி பயன்படுத்தும் அதே பெயரைப் போட்டு அனுப்பினால், அவன் செய்தி உங்கள் வங்கி நேற்று அனுப்பிய உண்மையான ஓடிபிக்குக் கீழேயே வந்து உட்காரும். மேலே மூன்று வருடத்துச் செய்திகள் எல்லாம் உண்மை. கடைசியாக வந்தது மட்டும் பொய். 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் இப்படித்தான் நடந்தது. ஒரு பெரிய வங்கியின் வாடிக்கையாளர்கள் நூற்றுக்கணக்கானோர், வங்கியின் வழக்கமான வரிசையிலேயே வந்த மெசேஜை நம்பி, ஒரு கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல் இழந்தார்கள். அவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஏற்கெனவே வந்த இடத்திலிருந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள்" என்பதுதான் அதுவரை எல்லோரும் சொன்ன அறிவுரை. அவர்கள் அதைத்தான் பார்த்தார்கள். அதன் பிறகு அந்த நாட்டில் வங்கிகள் மெசேஜில் லிங்க் அனுப்புவதே நிறுத்தப்பட்டது. 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத பெயரில் வரும் மெசேஜுக்கு மேலே "மோசடியாக இருக்கலாம்" என்ற முத்திரை விழுகிறது.

சில இடங்களில் திருடர்கள் போன் நிறுவனத்தின் வலையமைப்பையே தொடுவதில்லை. பெட்டி அளவில் ஒரு போலி டவரை காரில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார்கள். அருகில் இருக்கும் போன்களைப் பழைய 2ஜிக்கு இழுத்து, நேரடியாக மெசேஜைத் தள்ளுகிறார்கள். போன் நிறுவனம் வைத்திருக்கும் எந்த வடிகட்டியும் அதைப் பார்க்காது. பல ஆண்ட்ராய்டு போன்களில், 2021-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து, 2ஜியை அணைத்து வைக்கும் வசதி இருக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தில் 4ஜி நன்றாகக் கிடைத்தால் அணைத்துவிடலாம்.

ஒரு மெசேஜைக் கையில் எடுத்துப் பார்ப்போம்

"உங்கள் பார்சலை ஒப்படைக்க முடியவில்லை. முகவரி முழுமையாக இல்லை. 12 மணி நேரத்துக்குள் முகவரியைப் புதுப்பித்து, மறு விநியோகக் கட்டணத்தைச் செலுத்தவும். தவறினால் பார்சல் திருப்பி அனுப்பப்படும்." கீழே ஒரு லிங்க்.

எந்தப் பார்சல் என்று சொல்லவில்லை. உங்கள் பெயர் இல்லை. இருந்தும் இது வேலை செய்கிறது. ஏனென்றால் ஆயிரம் பேருக்கு அனுப்பினால் அதில் பலர் அன்றைக்கு ஏதாவது ஒரு பார்சலை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களுக்கு அந்த மெசேஜ் தனக்கே எழுதியது போல இருக்கும். பிறகு அந்த 12 மணி நேரம். யோசிப்பதற்கும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதற்கும் அவகாசம் தரக் கூடாது என்பதற்காக வைத்தது. மெய்யான நிறுவனம் எதுவும் உங்களை இப்படி விரட்டாது.

மிகவும் கெட்டிக்காரத்தனமான பகுதி அந்தக் கட்டணம்தான். தொகை மிகச் சின்னதாக இருக்கும். "போனால் போகட்டும்" என்று கட்டிவிடுவோம். திருடனுக்கு அந்தச் சின்னத் தொகை வேண்டாம். அதைக் கட்ட நீங்கள் தட்டும் கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம், அதற்கு வரும் ஓடிபி, இவைதான் வேண்டும். நீங்கள் சின்னத் தொகையைக் கட்டிக்கொண்டிருக்கும் அதே நிமிடம் அவன் வேறெங்கோ பெரிய தொகைக்கு அதே கார்டைப் போட்டிருப்பான். அதனால் ஓடிபி வந்தால் எண்ணை மட்டும் பார்த்துத் தட்டாதீர்கள். அந்த மெசேஜை முழுதாகப் படியுங்கள். வங்கிகள் பெரும்பாலும் தொகையையும் யாருக்குப் போகிறது என்பதையும் அதிலேயே எழுதியிருக்கும். திரையில் ஒரு தொகை, ஓடிபி மெசேஜில் வேறு தொகை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கடைசிக் கதவு அதுதான்.

லிங்க்கைப் படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நாம் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள். திருடன் அதைப் பயன்படுத்திக்கொள்கிறான். முகவரியின் தொடக்கத்தில் உங்கள் வங்கியின் பெயரை அச்சு அசலாக வைத்துவிடுவான். ஆனால் ஒரு முகவரி யாருக்குச் சொந்தம் என்பது அதன் தொடக்கத்தில் இல்லை. முகப்பில் வரும் இரட்டைச் சாய்கோட்டைக் கடந்து, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். கடைசிப் புள்ளிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கும் சொற்கள்தான் பெரும்பாலும் சொந்தக்காரர். "என்வங்கி புள்ளி காம் புள்ளி சரிபார் புள்ளி டாப்" என்று ஒரு முகவரி இருந்தால், அதன் சொந்தக்காரர் "சரிபார் புள்ளி டாப்". உங்கள் வங்கிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சில நாடுகளின் முகவரிகளில் கடைசியில் இரண்டு துண்டுகள் சேர்ந்து வரும் என்பதால் இது நூற்றுக்கு நூறு பொருந்தாது; சுருக்கப்பட்ட லிங்க்குகளில் எதுவுமே தெரியாது. அதனால் நான் அம்மாவுக்குச் சொன்னது இதைவிட எளிமையானது: மெசேஜில் வந்த லிங்க் வழியாக ஒருபோதும் வங்கிக்குள் போகாதே. வங்கி ஆப்பை நீயே திற. உண்மையிலேயே ஏதாவது பிரச்சினை இருந்தால் அது உள்ளேயும் தெரியும். பார்சலுக்கும் அப்படித்தான், எங்கே வாங்கினாயோ அந்த ஆப்பைத் திறந்து பார்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஐபோனின் சொந்த மெசேஜ் சேவையான ஐமெசேஜில் தெரியாதவர் அனுப்பும் லிங்க்கை ஐபோன் அழுத்த விடாது. நீங்கள் பதில் அனுப்பிவிட்டால் அந்தப் பூட்டு திறந்துகொள்ளும். அதனால்தான் சில மெசேஜ்களின் அடியில் "ஒய் என்று பதில் அனுப்பிவிட்டு, இந்த மெசேஜை மூடித் திறந்து லிங்க்கை அழுத்துங்கள்" என்று எழுதியிருக்கிறது. உங்கள் கையாலேயே பூட்டைத் திறக்க வைக்கிறார்கள். இதைப் பார்த்தவுடன், மெசேஜில் வேறு எதையும் ஆராயவே வேண்டாம்.

ஆண்ட்ராய்டில் லிங்க் வேறொரு ஆபத்தைக் கொண்டுவரும். "பார்சலைக் கண்காணிக்க இந்த ஆப்பை நிறுவுங்கள்" என்று கேட்கும். ஃப்ளூபாட் என்ற தீய நிரல் 2021-ல் ஐரோப்பா முழுக்க இப்படித்தான் பரவியது. நிறுவியவரின் வங்கி விவரங்களைத் திருடியதோடு, அவர் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அதே மெசேஜைத் தானே அனுப்பியது. 11 நாடுகளின் காவல்துறைகள் சேர்ந்து வேலை செய்து அதை முடக்கியதை 2022 ஜூன் 1 அன்று ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் அறிவித்தது. ஆப் வேண்டுமென்றால் ஸ்டோரில் தேடி எடுங்கள். மெசேஜ் வழியாக வரும் ஆப் கோப்பைத் தொடவே வேண்டாம்.

லிங்க்கே இல்லாமல் வருவதும் உண்டு. "அம்மா, என் போன் உடைந்துவிட்டது, இது புது நம்பர்" என்று பிள்ளை எழுதுவது போல வரும். இரண்டு மெசேஜ் கழித்து அவசரமாகப் பணம் கேட்கும். பழைய எண்ணுக்கு ஒரு முறை அழையுங்கள், பிள்ளை எடுப்பார். "நாளைக்குச் சந்திப்போமா?" என்று தெரியாத எண்ணிலிருந்து வந்து, தவறான எண் என்று நீங்கள் சொன்னதும் நட்பாகப் பேசத் தொடங்கி, வாரங்கள் கழித்து முதலீட்டில் கொண்டுபோய் விடுவது இன்னொன்று. ஒரே ஒரு ரிங் அடித்து நின்றுவிடும் வெளிநாட்டு அழைப்புக்கு ஜப்பானியர்கள் வன்கிரி என்று பெயர் வைத்தார்கள். ஒரு ரிங், பிறகு துண்டிப்பு. திரும்ப அழைத்தால் நிமிடத்துக்குப் பெருந்தொகை. அழைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஸ்டாப் அனுப்பலாமா, கூடாதா?

இதில்தான் எல்லோருக்கும் குழப்பம் வருகிறது, ஏனென்றால் இரண்டு எதிரெதிர் அறிவுரைகளைக் கேட்டிருப்பீர்கள். இரண்டுமே சரி, இடம்தான் வேறு.

உங்கள் போன் கணக்கிலிருந்து உண்மையாகவே பணம் போய்க்கொண்டிருக்கிறது, அது ஒரு குறுகிய எண்ணிலிருந்து வரும் சந்தா என்றால், அந்த எண்ணுக்கு ஆங்கிலத்தில் "ஸ்டாப்" என்று அனுப்புங்கள். அது பதிவு செய்யப்பட்ட சேவை. பல நாடுகளில் ஸ்டாப் வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும் என்பது விதி. நிறுத்தியதாகப் பதில் வருகிறதா என்று பாருங்கள், அந்தப் பதிலை அழிக்காதீர்கள். ஆனால் பத்து இலக்க எண்ணிலிருந்தோ, அறியாத வெளிநாட்டு எண்ணிலிருந்தோ வரும் பார்சல், பரிசு, கடன் மெசேஜுக்கு ஸ்டாப் உட்பட எதையும் அனுப்பாதீர்கள். அங்கே உங்கள் பதில் ஒன்றை மட்டுமே சொல்கிறது: இந்த எண்ணில் ஆள் இருக்கிறார், மெசேஜைப் படிக்கிறார். அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு, போனிலேயே இருக்கும் "ஸ்பேம் எனப் புகார் செய்" என்பதை அழுத்துங்கள். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் இருப்பவர்கள் அந்த மெசேஜை 7726 என்ற எண்ணுக்கு ஃபார்வர்டு செய்யலாம். பழைய பொத்தான் போனில் ஸ்பேம் என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் வரும் நாலு எண்கள் அவை.

ஸ்டாப் அனுப்புவது ஒரு சந்தாவை மட்டும் நிறுத்தும். கதவையே மூட வேண்டுமென்றால் போன் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். கஸ்டமர் கேரை அழைத்து இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "ப்ரீமியம் எஸ்எம்எஸ்ஸைத் தடை செய்யுங்கள்", "மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் என் கணக்கில் கட்டணம் போடுவதைத் தடை செய்யுங்கள்". பல நிறுவனங்களில் இது இலவசம். தானாக யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் செய்வார்கள். வீட்டில் பிள்ளைகள் விளையாடும் போனுக்கும் பெரியவர்களின் போனுக்கும் இதை இன்றைக்கே செய்துவிடுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்கெனவே லிங்க்கை அழுத்தி விவரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம். முதல் அழைப்பு வங்கிக்கு. எண்ணை அந்த மெசேஜிலிருந்து எடுக்காமல் கார்டின் பின்பக்கத்திலிருந்து எடுங்கள். கார்டை முடக்கச் சொல்லுங்கள். பிறகு வேறொரு போனிலோ கணினியிலோ பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆப் எதையாவது நிறுவியிருந்தால் முதலில் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு அதை நீக்குங்கள். நீங்காவிட்டால் போனை ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டியிருக்கும். திடீரென்று சிக்னலே இல்லாமல் போய்விட்டால், உங்கள் எண்ணுக்கு வேறு யாராவது புதுச் சிம் வாங்கியிருக்கலாம். போன் நிறுவனத்தையும் உடனே அழையுங்கள். மெசேஜை அழிக்க வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், காவல்துறையில் புகார் கொடுக்கும்போது அது வேண்டும்.

போன் கணக்கில் போன பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? கேட்க வேண்டும். போன் நிறுவனத்தில் "சேவை நடத்துபவரைக் கேளுங்கள்" என்பார்கள். அவர்களைக் கேட்டால் "நீங்கள்தான் சம்மதித்தீர்கள்" என்பார்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த வழியாகச் சம்மதித்தேன்? அந்தப் பதிவைக் காட்டுங்கள்." புகார் எண்ணை வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தீரவில்லை என்றால் உங்கள் நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பிடமோ குறைதீர்ப்பாளரிடமோ போகலாம்.

அம்மாவுக்காக அந்தக் கேள்வியைத்தான் நானும் கேட்டேன். இரண்டு முறை மாற்றி மாற்றி அலைக்கழித்த பிறகு தேதியும் நேரமும் சொன்னார்கள். மாலை ஆறு மணி சுமார், மொபைல் டேட்டா வழியாக. அம்மா காலண்டரைப் பார்த்தார். "அன்னிக்குத்தானே சின்னவன் என் போன்ல கேம் விளையாடிட்டு இருந்தான், நடுவுல ஏதோ விளம்பரம் வருது மூட முடியலன்னு என்கிட்ட காட்டினானே" என்றார். மூடுவதற்காக அழுத்திய பொத்தான்தான் அது. ஸ்டாப் அனுப்பினோம், நிறுத்தியதாகப் பதில் வந்தது. ப்ரீமியம் தடையும் போட்டாயிற்று. போனதில் ஒரு பகுதி பேலன்ஸாகத் திரும்ப வந்தது. அடுத்த மாதம் முழுக்க அம்மா தினமும் காலையில் பேலன்ஸைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்தார். அழைப்பு பேசிய நாளைத் தவிர வேறு எந்த நாளிலும் எண் மாறவில்லை.